எழுபத்திமூன்றாம் கட்டம்

ஆபீஸில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். முகத்துக்கு நேரே ஸ்கேலக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் ஸ்கேல். ஓர் அடி நீள இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கும். அதை வைத்து அவள் இதுவரை யாரையும் அடித்ததில்லை. அடித்திருந்தால் எத்தனையோ பேர் உருப்பட்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

வயது ஐம்பத்திமூன்று. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "பண்ணிக்கிட்டு? அவன் செய்யுற தப்பையும் நானே தேடிக்கிட்டு இருக்கணுமா?" என்பாள். கேட்டவர் அடுத்த தடவை கேட்க மாட்டார்.

முப்பது வருஷமாக ஒரு பஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட வைக்கும் ஏசி அறையில், பீரோ மாதிரி கறுப்பாக, மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர் ஒன்று நின்றுகொண்டிருக்கும். எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுக்கணும் என்று ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு டூட்டி போடுவது அதுதான். அதற்கு டூட்டி போடக் கற்றுக்கொடுத்தது அவள். நாலாயிரம் வரி புரோகிராம். பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட சில பேர் அவ்வளவு பீற்றிக்கொள்ள மாட்டார்கள்.

அவளுக்குக் கோபம் எப்போதும் உண்டு. லிஃப்ட் மேல் கோபம், பேனாவைக் கடன் வாங்கி மூடியைத் தொலைப்பவர்கள் மேல் கோபம், "சும்மா பார்க்கலாம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் மேல் கோபம். ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் இருந்தது வேறு ரகம். பல் தேய்க்கும்போதே பிரஷ் வளைந்துவிட்டது.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை விடிகாலை அவளுடைய தம்பி, பஸ் டிரைவர், காலி பஸ்ஸை டிப்போ வாசல் சுவரில் கொண்டுபோய் மோதிவிட்டான். சுவரில் ஓட்டை, பஸ்ஸுக்கு மூஞ்சி போச்சு, கண்டக்டருக்கு ஒரு முன்பல் போச்சு. தூங்கிட்டேன் என்று தம்பியே ஒப்புக்கொண்டான். ராத்திரி டூட்டி நாலு மணிக்கு முடிந்தது, அடுத்த டூட்டி அஞ்சு மணிக்குப் போட்டிருந்தார்கள், நடுவில் ஒரு மணி நேரம்தான், அதில் மனுஷன் எப்படித் தூங்குவான் என்றான்.

கம்பெனி நம்பவில்லை. ஒரு டூட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்து மணி நேரம் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் டூட்டியே போடாது, இவன் யாரோடோ ரகசியமாக டூட்டி மாற்றிக்கொண்டு இப்போது கம்ப்யூட்டர் மேல் பழி போடுகிறான் என்றார்கள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. வேலை போகும். லைசென்ஸும் போகலாம்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், கம்பெனிக்கு முன்னாலேயே அவனை நம்பாமல் போனவள் அவள்தான். திங்கட்கிழமை சாயங்காலம், நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்து நின்றவனிடம், செருப்பைக்கூடக் கழற்ற விடாமல், "என் புரோகிராம் அப்படி டூட்டி போடவே போடாது. நீ எவன்கூடயோ மாத்திக்கிட்டே. உண்மையைச் சொல்லுடா" என்றாள். அவன் செருப்போடேயே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மூணு நாளாகப் பேச்சு இல்லை. ஒரே வீட்டில், இரண்டாவது மாடியில், இரண்டு படுக்கையறையும் ஒரு குளியலறையும் உள்ள வீட்டில், மூணு நாள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு பேரும் அதில் கில்லாடிகள்.

வியாழக்கிழமை காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது தம்பி பொண்டாட்டி வாசலில் வழிமறித்தாள். சாதாரணமாக அண்ணி, அண்ணி என்று குழைகிறவள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"சாயங்காலம் கேளு. லேட்டாகுது."

"சாயங்காலம் அவருக்கு வேலை இருக்காது. இப்பவே கேக்குறேன். என் புரோகிராம், என் புரோகிராம்னு அன்னைக்குக் கத்துனீங்களே, அது இப்ப உங்க புரோகிராமா?"

"என்னடி உளர்றே?"

"ஆறு மாசத்துக்கு முன்னாடி உங்களை அதுலேருந்து தூக்கிட்டு பழைய ஃபைலை ஸ்கேன் பண்ண உக்கார வச்சிட்டாங்கன்னு நீங்கதானே இதே இடத்துல நின்னு அழுதீங்க?"

"நான் அழலே. திட்டினேன்."

"கண்ணுல தண்ணியோட திட்டினீங்க. அதுக்கப்புறம் அதை யார் தொட்டாங்க, என்ன பண்ணாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாம எப்படி அவரைப் பொய்யன்னு சொன்னீங்க?"

ஸ்கேலுக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி நடப்பது இரண்டாவது தடவை. முதல் தடவை பல் டாக்டரிடம், வாயில் பஞ்சு இருந்தது. படியில் தடதடவென்று இறங்கினாள். கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

ஆறு மாசத்துக்கு முன்னால் நடந்தது இது.

கம்பெனி புதுசாக ஒரு பையனை எடுத்தது. இருபத்தஞ்சு வயசு, நல்ல சம்பளம். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் அதன் சார்ஜர், எங்கே போனாலும் முதலில் பிளக் பாயின்ட் தேடுவான். அதனால் சார்ஜர் என்றே பெயர். டூட்டி புரோகிராமை நவீனமாக்கு என்று அவனிடம் கொடுத்தார்கள்.

மெயின்ஃப்ரேமில் ஒரு வரி என்றால் எண்பது கட்டம். கட்டத்துக்கு ஒரு எழுத்து. அதில் முதல் எழுபத்திரண்டு கட்டத்தில் இருப்பதைத்தான் கம்பைலர் படிக்கும். கம்பைலர் என்பது மனுஷன் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற ஒரு கண்டிப்பான ஆசாமி. கடைசி எட்டுக் கட்டம் வரிசை நம்பர் போடுவதற்கு. அந்த எட்டில் நீங்கள் புதையல் இருக்கிற இடத்தையே எழுதி வைத்தாலும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

சார்ஜருக்கு இதெல்லாம் தெரியாது. லேப்டாப்பில் வரி எவ்வளவு நீளமானாலும் போய்க்கொண்டே இருக்கும். அவன் பாட்டுக்கு ரயில் மாதிரி எழுதி மெயின்ஃப்ரேமுக்கு அனுப்பினான். அது எண்பதாவது கட்டத்தில் வெட்டி, வாலை அடுத்த வரியில் போட்டது. கம்பைலர் வயிறெரிந்து நானூறு தப்புச் சொன்னது. அச்சாகி வந்த காகிதத்தில் பாதி வார்த்தை இங்கே, மீதி அங்கே, இரண்டுக்கும் நடுவில் கோடும் புள்ளியுமாகக் கோழி கிளறிப்போட்ட மாதிரி இருந்தது. பிரிண்டர் கெட்டுப்போச்சு என்றான் சார்ஜர். மெஷினே கிழடு என்றார் மேனேஜர்.

"எழுபத்திரண்டு! எழுபத்திரண்டு கட்டம்!" என்று நடைபாதையில் நின்று கத்தினாள் ஸ்கேல். நாலு மாடிக்கும் கேட்டது. மறுநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, புதியவர்களை ஊக்கப்படுத்தத் தெரியவில்லை என்று சொல்லி, பழைய ஃபைல்களை ஸ்கேன் பண்ணுகிற அறைக்கு மாற்றினார். ஜன்னல் இல்லாத அறை. ஃபைல் மட்டும் இருக்கிறது, கூரை வரைக்கும்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் அந்த அறைக்குப் போகவில்லை. நேரே பிரிண்டர் அறைக்குப் போனாள். அங்கே இருபத்தெட்டு வருஷமாகப் பிரிண்டரை மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் உண்டு. பிரிண்டர் போடுகிற சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது, அதனால் அவளோடு சௌகரியமாகப் பழகுவார்.

"அண்ணே, டூட்டி புரோகிராமோட லிஸ்டிங் வேணும்." புரோகிராம் முழுவதும் வரி வரியாக அச்சாகி வருகிற காகிதக் கட்டுக்கு லிஸ்டிங் என்று பெயர்.

"லிஸ்டிங்கா? அதை அச்சடிச்சு அஞ்சு மாசம் ஆகுதும்மா. அந்தத் தம்பி நிறுத்தச் சொல்லிட்டான்."

"ஏன்?"

"பார்க்க அசிங்கமா இருக்காம்."

ஸ்கேல் கண்ணை மூடிப் பத்து எண்ணினாள். மூணிலேயே திறந்துவிட்டாள். "கண்ணாடியில அவன் மூஞ்சி அசிங்கமா தெரிஞ்சா கண்ணாடியைக் கழட்டிடுவானா? எனக்குப் படிச்சுப் பார்க்க உரிமை இன்னும் இருக்கு, அதைப் பிடுங்க மறந்துட்டானுங்க. நான் கம்பைல் போடுறேன், நீங்க அச்சடிங்க."

"எத்தனை பக்கம் வரும்?"

"எண்பது, தொண்ணூறு."

"மேனேஜர் கேட்டா?"

"உங்களுக்குக் காது கேக்காதுன்னு சொல்லுங்க."

கம்பைலர் ஒரு தப்பும் சொல்லவில்லை. தப்புகள்: சைபர். காகிதம் மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. சார்ஜர் தன் நீள நீளமான குறிப்புகளை எல்லாம் உள்ளே எழுதி வைத்திருந்தான். ஒவ்வொன்றின் வாலும் அடுத்த வரியில் விழுந்து கிடந்தது. எந்த வாலைப் பார்த்துக் கம்பைலர் கத்தியதோ அந்த வாலுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டு, இது புரோகிராம் இல்லை, படிக்காதே என்று வாயை அடைத்திருந்தான். கம்பைலர் கத்திய வேறு இடங்களில் வரியை வெட்டி ஒட்டியிருந்தான். கத்தாத இடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வயிற்று வலிக்குக் கத்துகிற குழந்தையின் வாயில் துணியை அடைத்துவிட்டு, குழந்தை சமத்தாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

பிரிண்டர் அறை மேஜையில் காகிதத்தை விரித்து, ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே படுக்கையாக வைத்துக்கொண்டு, வரி வரியாக இறங்கினாள். அப்படி வைக்காவிட்டால் அந்தக் கோழி கிளறின காகிதத்தில் எந்த வால் எந்தத் தலைக்குச் சொந்தம் என்று தெரியாது. நடுநடுவே அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பெரியவருக்கே நல்ல காதில் சில கேட்டு, எழுந்து போய் டீ வாங்கி வந்தார்.

பதினொன்றரைக்கு அந்த வரி கிடைத்தது.

அந்த வரி அவளுக்கு மனப்பாடம். பதினாறு வருஷத்துக்கு முன்னால், தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது இரண்டாவது மாடிப் படியில் அவன் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். கையில் வீட்டுச் சாவி. கதவு ஆறே படி தள்ளி இருந்தது. அந்த ஆறு படி ஏற அவனுக்குத் தெம்பில்லை. அவள் அவனை எழுப்பி, படியில் உட்கார்ந்து மானத்தை வாங்குறியா என்று திட்டி, உள்ளே இழுத்துப்போட்டாள். மறுநாள் ஆபீஸுக்குப் போய், யாரும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், புரோகிராமின் உள்ளே ஆழத்தில் ஒரு வரியைச் சொருகினாள். ஓய்வு 10 மணி நேரத்துக்குக் குறைவா என்று பார்க்கிற வரி. குறைவாக இருந்தால் டூட்டி போடாதே என்பது அதற்கு அடுத்த வரி. ஒரு வருஷம் கழித்துத்தான் மேலிடம் அதைக் கண்டுபிடித்து, நல்ல யோசனை என்று விதியாகவே ஆக்கியது. ஆயிரத்துச் சொச்சம் டிரைவர்களும் அந்த ஒற்றை வரியில்தான் தூங்கினார்கள்.

அந்த வரி இருந்தது. கடைசியில் 10 என்றும் இருந்தது. தெளிவாக, ஒன்று, சைபர்.

ஸ்கேலுக்குக் காது சூடாயிற்று. அப்படியென்றால் புரோகிராம் சரி. அப்படியென்றால் தம்பி பொய். ஒரு காலை முழுக்க அவனுக்காக இந்தக் குப்பையைக் கிளறியிருக்கிறாள், அவன் நிஜமாகவே டூட்டி மாற்றியிருக்கிறான். போனை எடுத்தாள்.

"சொல்லு" என்றான் தம்பி. அக்கா என்று சொல்லவில்லை.

"பத்துன்னுதான் இருக்கு. என் கண்ணு முன்னாடி இருக்கு. யார்கூட மாத்தினே? இப்பவாவது சொல்லித் தொலை, நான் போய்க் கால்ல கையில விழுந்தாவது..."

"நான் மாத்தல."

"பின்னே கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அன்னைக்கு மூணு பேருக்குக் காய்ச்சல், ஆள் இல்ல. அஞ்சு மணிக்கு வான்னு சீட்டு வந்துச்சு. போனேன். நீ போட்ட பத்து மணி நேரம் எங்கே போச்சுன்னு உன் மெஷினைக் கேளு. என்னைக் கேக்காதே."

போன் வைத்த சத்தம் கேட்டது. அவள் ஸ்கேலைத் தூக்கி மேஜையில் ஓர் அறை அறைந்தாள். டீ சிந்தியது. பெரியவர் பதறிப்போய்க் காகிதத்தை இழுக்க, அவள் ஸ்கேலாலேயே டீயைத் தடுக்கப் பார்த்தாள். அதுவரை ஏனோதானோவென்று வைத்திருந்த இரும்பு, இப்போது நுனி முதல் கட்டத்தில் பொருந்த, அந்த வரிக்குக் கீழே வந்து நின்றது.

அந்த ஸ்கேலில் ஒரு கீறல் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் காம்பஸ் முனையால் அவளே போட்டது. லிஸ்டிங் காகிதத்தில் ஒரு அங்குலத்துக்குப் பத்து எழுத்து. ஓரத்தில் அச்சாகும் வரி எண்களைத் தள்ளிவிட்டு எண்ணினால், எழுபத்திரண்டாவது கட்டம் எங்கே முடிகிறதோ, அங்கே கீறல்.

ஒன்று கீறலுக்கு இந்தப் பக்கம் இருந்தது. சைபர் அந்தப் பக்கம்.

அவள் குனிந்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். விரலை வைத்துக் கட்டம் கட்டமாக எண்ணினாள். எழுபத்திரண்டில் ஒன்று. எழுபத்திமூன்றில் சைபர். அச்சடிக்கும்போது எண்பது கட்டமும் அச்சாகும், அதனால் மனுஷக் கண்ணுக்கு அது 10. கம்பைலர் எழுபத்திரண்டோடு நிறுத்திக்கொள்ளும். அதற்கு அது 1. ஓய்வு ஒரு மணி நேரத்துக்குக் குறைவா? இல்லையே, சரியாக ஒரு மணி நேரம் இருக்கிறதே. போடு டூட்டி.

"அண்ணே," என்றாள். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. பெரியவர் அப்போதுதான் நிஜமாகவே பயந்தார்.

எப்படி நடந்தது என்பதையும் அந்தக் காகிதமே சொன்னது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று சார்ஜர் மேலே புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான். கீழே இருந்த வரிகளையெல்லாம் அழகாக இருக்கட்டும் என்று நாலு கட்டம் உள்ளே தள்ளியிருக்கிறான். அறுபத்தொன்பதில் முடிந்துகொண்டிருந்த வரி எழுபத்திமூன்றில் போய் முடிந்தது. மற்ற வரிகள் வெட்டுப்பட்டபோது கம்பைலர் கத்தியது, அவன் சரிபண்ணினான். இது மட்டும் வெட்டுப்பட்ட பிறகும் அர்த்தமாகவே இருந்தது. அதனால் அது கத்தவில்லை. வெட்டினால் கம்பைலர் கத்தாமல் விடாது என்று முப்பது வருஷமாக நம்பியிருந்தவள் அவள். ஆட்கள் போதுமான அளவு இருந்தவரை ஒன்றும் தெரியவும் இல்லை. மூணு பேருக்குக் காய்ச்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவளே அந்த வரியை இரண்டாக உடைத்து எழுதியிருக்கலாம். அன்றைக்கு அவசரம், ஓரத்திலேயே சொருகிவிட்டாள். அந்த நினைப்பு வந்ததும் சார்ஜர் மேல் இருந்த கோபம் இரண்டு மடங்காயிற்று. மனுஷ மனசு அப்படித்தான்.

சார்ஜர் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் பிளக் பாயின்ட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். காதில் பாட்டு. அவள் ஸ்கேலால் லேப்டாப் மூடியில் தட்டினாள்.

"மேடம்?"

"எழுந்திரு. ஒரு டெஸ்ட் ஓட்டணும். ஒரு டிரைவர். நாலு மணிக்கு டூட்டி முடியுது. அஞ்சு மணிக்கு ஒரு பஸ் காலியா நிக்குது. வேற ஆள் கிடையாது. என்ன பண்ணும் உன் நவீன புரோகிராம்?"

"போடாது மேடம். பத்து மணி நேரம்..."

"ஓட்டு."

ஓட்டினான். திரையில் டூட்டி விழுந்தது. நாலுக்கு முடிவு, அஞ்சுக்குத் தொடக்கம். சார்ஜர் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். இரண்டாவது தடவை ஓட்டினான். மறுபடியும் விழுந்தது.

"ஆனா எரர் சைபர் மேடம். கம்பைலர் ஒண்ணுமே சொல்லலியே."

"சைபர் எங்கே இருக்குன்னு காட்டட்டுமா?" என்று காகிதத்தை விரித்து ஸ்கேலை நிறுத்தினாள்.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். புத்தி இருக்கிற பையன்தான், அதுதான் எரிச்சலே. "அந்த ஆக்ஸிடென்ட்..." என்றான். அப்புறம், "எனக்கு வேலை போயிடுமா மேடம்?"

"போனா போகட்டும்! நீ லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுப் போனா இன்னொரு பிளக் பாயின்ட் கிடைக்கும். அவனுக்கு வயசு நாற்பத்திரண்டு, பஸ்ஸைத் தவிர ஒண்ணும் தெரியாது. சுவத்துல மோதினான், சரி. ரோட்டுல மோதியிருந்தா? பஸ்ல அறுபது பேர் இருந்திருந்தா? நான் கத்தினப்ப காதுல பாட்டு வச்சிட்டிருந்தியா?"

அவன் அழுதுவிடுவான் போல இருந்தது. அழுதால் பாவமாகிவிடும் என்று அவள் சட்டென்று திரும்பி நடந்துவிட்டாள்.

மூன்று மணி. விசாரணை அறையில் நீள மேஜை, தண்ணீர் ஜாடி, நாலு தம்ளர், அதில் ஒன்றில் லிப்ஸ்டிக் கறை. வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி ஜலதோஷம் பிடித்த மனுஷர். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. மேனேஜர் ஒரு பக்கம். சார்ஜர் அவருக்குப் பின்னால், முதல் தடவையாக லேப்டாப் இல்லாமல். எதிரே தனி நாற்காலியில் தம்பி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் பிளாஸ்திரி. அக்கா உள்ளே வந்ததைப் பார்த்துவிட்டு மேஜையைப் பார்க்க ஆரம்பித்தான்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? உங்களைக் கூப்பிடலையே?" என்றார் மேனேஜர்.

"கூப்பிட்டா வர்றதுக்கு நான் லிஃப்டா? அதுவே கூப்பிட்டா வர்றதில்ல" என்று காகிதக் கட்டை மேஜையில் போட்டாள்.

விஷயத்தைச் சொன்னாள். மேனேஜர் அலுப்போடு எட்டிப் பார்த்து, அந்த வரியில் விரலை வைத்து, "இதோ பாருங்க சார், பத்துன்னு தெளிவா இருக்கு. ஒரு குழந்தை கூடப் படிக்கும்" என்றார்.

"குழந்தை படிக்கும். கம்பைலர் படிக்காது. அதான் இவ்வளவு நேரம் சொல்லிட்டிருக்கேன். ஸ்கேலைப் பிடிங்க சார்." ஸ்கேலை அதிகாரியின் கையில் திணித்தாள். "கீறல் இருக்கு பாருங்க. அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது மெஷினுக்கு இல்லாத மாதிரி."

அதிகாரி ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையில் ஸ்கேலோடு குனிந்தார். "நீங்க இவருடைய அக்கான்னு குறிப்புல இருக்கு. தம்பிக்காக நீங்க எதுவும் சொல்லுவீங்கதானே?"

ஸ்கேல் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றினாள்.

"தம்பிக்காகச் சொல்றவளா நானு?" என்றாள். "திங்கட்கிழமை இவன் ரத்தத்தோட வந்து நின்னப்ப, இவனைப் பொய்யன்னு முதல்ல சொன்னது நான். உங்க கம்பெனிக்கு முன்னாடி. மூணு நாளா இவன் மூஞ்சியைப் பார்க்கல. இன்னைக்குக் காலையில பதினொன்றரைக்குக் கூட போன்ல திட்டினேன். எனக்கு இவனை விட என் புரோகிராம்தான் பெருசா இருந்துச்சு. அப்படிப்பட்டவ சொல்றேன். இவன் மாத்தல. மெஷின்தான் போட்டுச்சு."

தம்பி தலையைத் தூக்கினான்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் அனுமானம். சோதிச்சுப் பார்த்தாத்தானே..." என்று சார்ஜரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில், ஒன்றும் சொல்லாதே என்று எழுதியிருந்தது. எழுபத்திரண்டு கட்டத்துக்குள்ளேயே.

சார்ஜர் எழுந்து நின்றான். "சோதிச்சாச்சு சார். நாலு தடவை. ஒரு மணி நேர ஓய்வுக்கும் டூட்டி போடுது. வரியை உள்ளே தள்ளினது நான்தான்." ஒரு மூச்சு விட்டான். "லிஸ்டிங்கை நிறுத்தினதும் நான்தான். மேடம் அப்பவே சொன்னாங்க."

ஸ்கேல் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கோபம் குறைந்துவிடும், இன்னும் வேலை பாக்கி இருந்தது.

அதிகாரி தும்மினார். சரி, புகாரைக் கைவிடலாம் என்றார். மேனேஜர் அவசரமாகக் காகிதம் எடுத்து, 'தொழில்நுட்பக் காரணங்களால் விசாரணை முடித்துக்கொள்ளப்படுகிறது' என்று எழுத ஆரம்பித்தார். ஸ்கேல் அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள்.

"இது யாரைப் பத்தி எழுதுறீங்க? மழையைப் பத்தியா?"

"வழக்கமா இப்படித்தான் எழுதுவோம்."

"டிரைவர் மேல தப்பு இல்லன்னு எழுதுங்க. இவர் டூட்டி மாத்தலன்னு எழுதுங்க. அப்புறம் உங்க காரணமெல்லாம் எழுதிக்குங்க."

"அது தேவையில்லைம்மா..."

"எனக்குத் தேவை." ஸ்கேலை அந்த வெள்ளைக் காகிதத்தில் வைத்து நகர்த்தினாள். "ஆரம்பத்துலேயே எழுதுங்க. ஓரத்துல எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க."

எழுதினார். அவள் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட விட்டாள். அப்புறம் புரோகிராமைத் திருத்தித் தர முடியுமா என்று மேனேஜர் கேட்டபோது, "ஃபைல் ஸ்கேன் பண்றவகிட்டயா கேக்கிறீங்க?" என்றாள். எழுத்தில் உரிமை கொடுத்தால் செய்கிறேன் என்றாள். பத்து நிமிஷத்தில் கொடுத்தார்கள். அந்த வரியை இரண்டாக உடைத்து, 10 என்பதைத் தனி வரியில், பன்னிரண்டாவது கட்டத்தில் கொண்டுவந்து வைத்தாள். எவன் எவ்வளவு தள்ளினாலும் இனி விழாது. லிஸ்டிங்கை மறுபடி ஓட விட்டாள். பக்கத்தில் நின்ற சார்ஜரிடம், "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு உன் குப்பையோட வா. தொண்ணூறு பக்கம் இருக்கு. ஸ்கேல் நீ வாங்கிட்டு வரணும், என்னுதைத் தர மாட்டேன்" என்றாள். திட்டுகிற மாதிரிதான் சொன்னாள். அவனுக்கும் அப்படித்தான் கேட்டது.

ஆறரை மணிக்கு அவள் வீடு வந்தபோது தம்பி இஸ்திரிச் சட்டையோடேயே சோபாவில் குறுக்கே விழுந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கால் தரையில். வாய் திறந்திருந்தது. தம்பி பொண்டாட்டி சமையலறை வாசலிலிருந்து பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஸ்கேல், ஒண்ணும் சொல்லாதே என்று கையைக் காட்டிவிட்டு, தரையில் தொங்கிய காலைத் தூக்கி சோபாவில் போட்டாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான்.

மேஜையில் அவன் போன் அடித்தது. அவன் அசைவதற்குள் இவள் எடுத்துவிட்டாள்.

டிப்போவிலிருந்து. ஆள் பற்றாக்குறையாம். விசாரணை முடிந்துவிட்டதாமே, காலை நாலு மணி பஸ்ஸுக்கு வர முடியுமா என்று கேட்டார்கள்.

"இப்ப மணி என்ன?" என்றாள் ஸ்கேல்.

"ஆறரை."

"ஆறரையிலேருந்து நாலு வரைக்கும் எத்தனை மணி நேரம்?"

"ஒன்பதரை. ஏம்மா?"

"அரை மணி நேரம் குறையுது. வர மாட்டான்."

"அம்மா, அவர் மூணு நாளா வீட்லதானே இருக்காரு!"

"வீட்ல இருந்தான். ஓய்வா இருக்கல. அவனுக்கு ஓய்வு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, உங்க கம்பெனியாலயும் என்னாலயும். நாலரைக்கு முன்னாடி இந்த போன் அடிச்சுது, நேர்ல வந்துடுவேன். நான் யாருன்னு அங்கே கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க."

போனை அணைத்துத் தன் கைப்பையில், ஸ்கேலுக்குப் பக்கத்தில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அக்கா," என்றது சோபா. கண் திறக்கவில்லை.

மூணு நாளில் முதல் அக்கா.

"என்னடா?"

"கத்தாதே. தூக்கம் கலையுது."

"வாயை மூடிக்கிட்டுத் தூங்குடா எருமை," என்றாள். ஆனால் அதை ரொம்ப மெதுவாகச் சொன்னாள். அப்புறம் வாசலுக்குப் போய், அங்கே பந்து தட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, சத்தமே வராமல், கையை மட்டும் ஓங்கி, மாடிப்படி முழுக்க விரட்டினாள்.